காலில் ஊசி குத்திய ஐந்து பேர்

மருதமுனை
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுத பிறகு

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

கத்தார் நாட்டு வெயிலில் நின்று எங்கள் தலைக்கெல்லாம் நிழல் தருகிற மதிப்புக்குரிய மூத்த காக்கா மர்சூக் அவர்களுக்கு, தங்கச்சி ஸகியா பணிவோடு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் மதினியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. உடம்புக்குச் சுகம்தான் காக்கா, வீட்டுக்குத்தான் சுகமில்லை.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்க வேண்டாம். போன மாதம் உங்களுக்கு மட்டும் என்று நினைத்து என் மூட்டுவலி, மலச்சிக்கல் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினேனே, அது குடும்பக் குழுவில் போய் விழுந்து முப்பத்தெட்டுப் பேர் கேட்டார்கள். அதில் ஒன்பது பேர் மருந்தும் சொன்னார்கள். அன்றிலிருந்து ரகசியம் என்றால் எனக்குக் காகிதம்தான். பக்கத்து வீட்டு பஸ்மினாவின் மகன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். கவரை மூன்று இடத்தில் ஒட்டி அவர் கையில் தருவேன். ஒட்டு ஏதும் பிரிந்திருந்தால் பஸ்மினா படித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசயம் மாப்பிள்ளையைப் பற்றியது. பாயிஸ் மாப்பிள்ளையைத் தாங்கள்தான் பார்த்து, விசாரித்து, "தங்கச்சி, கண்ணை மூடிக்கொண்டு குடு" என்று சொன்னீர்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தேன். நம் ஊர் வழக்கப்படி வீட்டை மகள் சஹ்லாவின் பெயருக்கு எழுதினோம், மாப்பிள்ளை சாய்ந்தமருதிலிருந்து இங்கே குடிவந்தார், நானும் உங்கட மச்சானும் பின்னறைக்குப் போனோம். பல் கட்டுகிற வேலை என்றாலும் யாரையும் பல்லைக் கடித்துப் பேசாத மனுசன். கல்முனையில் வேலை முடிந்தால் நேரே வீடு. எட்டு மாதத்தில் ஒரு சத்தம் இல்லை. ஆனால் நம் உம்மா காலத்திலிருந்தே நம் குடும்பத்தில் மாமியும் மாப்பிள்ளையும் முகத்துக்கு நேரே கதைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் கதவுக்குப் பின்னால் நின்று, "கேளு புள்ள, ஆணம் இன்னும் கொஞ்சம் ஊத்தவா எண்டு" என்று சஹ்லாவிடம் சொல்ல, அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "போதுமெண்டு மாமிட்டச் சொல்லுங்க" என்று சஹ்லாவிடம் சொல்ல, மூன்று அடி தூரத்துக்கு என் மகள் தபால்காரி வேலை பார்த்தாள். எட்டு மாதமாக அவரிடம் நான் ஒரு சொல் சொன்னதில்லை, அவரும் என்னிடம் சொன்னதில்லை. அதை நான் மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வந்த அன்று அவரோடு எட்டுப் பெட்டிகள் வந்தன. மேலே யப்பான் எழுத்து. பீங்கான் கோப்பைகளாக்கும் என்று சொந்தக்காரப் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவசரப்பட்டு ஒன்றைத் திறந்துவிட்டாள். உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் வரிசையாகக் குட்டிக் கைகள், குட்டிக் கால்கள், குட்டித் தலைகள், ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக. நான்தான் சமாளித்து, "உதிரிப்பாகமாக்கும்" என்றேன். "மோட்டார் சைக்கிளுக்கா ராத்தா, மனிசனுக்கா?" என்று பஸ்மினா கேட்டாள். பெட்டியை மூடி வட்டிலாப்பத்தைப் பரிமாறினேன்.

பிறகு சஹ்லா விளக்கம் சொன்னாள். அது இரண்டாம் உலக யுத்தத்துத் தாங்கிகளாம், அதாவது பீரங்கி வண்டிகள். அதற்குள் இருந்த ஆட்களை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சின்னதாக்கி விற்கிறார்களாம், வாங்கி ஒட்டி நிறம் தீட்டி வைப்பார்களாம். முப்பத்தைந்தில் ஒன்று என்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. தையல் நாடாவை எடுத்து என்னையே அளந்து கணக்குப் பார்த்தேன். நான் ஒன்றே முக்கால் அங்குலம் வருகிறேன். உங்கட மச்சானையும் அளக்கப் போனேன், அவர் விடவில்லை. கலியாணம் கட்டிய ஆம்பிளை இதை வைத்து என்ன செய்வார் என்று கேட்டதற்கு, "தாங்கிய எல்லாரும் பாக்காங்களாம் உம்மா, உள்ளுக்கு இரிந்த ஆக்கள ஒருத்தரும் பாக்கல்லயாம். அதான் அவர் பாக்காராம்" என்றாள். எனக்கு இது விளங்கவும் இல்லை, விளங்காமல் விடவும் இல்லை. அவர்களுடைய அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே நகப்பூச்சு மாதிரி ஒரு மணம் வரும். திறப்புத் துவாரத்தால் பார்த்தால் மாப்பிள்ளையின் முதுகு மட்டும் தெரியும். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தாலும் அதே முதுகுதான். அப்படி என்னத்தைப் பார்க்கிறார், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

போன கிழமை திங்கட்கிழமை. மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார், சஹ்லா நிந்தவூரில் படிப்பிக்கப் பஸ் ஏறிவிட்டாள். கட்டில் விரிப்பை எடுத்துத் துவைக்கலாம் என்று அறைக்குள் போனேன். அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், விரிப்பை எடுக்க மட்டும் போகவில்லை. மேசையில் பெரிய கண்ணாடி வைத்த விளக்கு. அதற்குப் பக்கத்தில் யாரோ ஒருவருக்குக் கட்டிக்கொண்டிருந்த மேல்வரிசைப் பல், தனியாக உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அதற்குப் பக்கத்தில் றோஸ் நிற மெழுகுக் கட்டிகள் ஐந்து. ஒவ்வொரு மெழுகுக்கு மேலும் ஒரு மனுசன், உயிரோடு இருக்கிற நிறத்தில். ஒவ்வொரு மனுசனின் உள்ளங்காலிலும் ஊசி. கீழே மெழுகில் குத்தி, மேலே காலுக்குள் ஏறியிருக்கிறது. ஐந்து பேருக்கும் அப்படித்தான்.

விரிப்பைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பஸ்மினா வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"ராத்தா, மெழுகு! ஊசி! கால்ல வேற குத்தியிருக்கி! இது செய்வினதான்கா. எத்தின பேர்?"

"அஞ்சு."

"உங்கட உம்மாக்கு எத்தின புள்ள?"

"அஞ்சு."

இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டோம். காதில் மூடி போட்டுக்கொண்டு சொன்னதைக் கேட்காமல் இருப்பவர் நம் இரண்டாவது காக்கா. குந்தியிருந்தபடியே தூங்குகிறவர் நம்மட சின்னத்தம்பி. கோப்பையைக் கையில் வைத்திருப்பது நம் தங்கச்சி, அவள் எப்போது பிளேன்டி இல்லாமல் இருந்திருக்கிறாள்? வாயைத் திறந்து கத்துகிறவர் நான் என்று பஸ்மினா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள், அதைப் பிறகு அவளிடம் கேட்க வேண்டும். சட்டையில்லாமல், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி நிற்கிறவர், காக்கா, நீங்கள்தான். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை டெலிபோனில் "வலது குதிக்கால் உளையுது தங்கச்சி" என்று சொன்னீர்களா இல்லையா? அந்த மனுசனுக்கும் ஊசி வலது காலில்தான் இருந்தது. முதலில் உங்கள் ஊசியைத்தான் பிடுங்கினேன். கால் இப்போது எப்படி?

பிடுங்கியதோடு விட்டிருக்கலாம். நான் ஓதித் தண்ணீரில் ஊதி ஐந்து பேரையும் அதில் போட்டேன். பஸ்மினா, "ராத்தா, கிருமிக்கு ஊத்துற மருந்தும் கொஞ்சம் ஊத்துங்க, எதுக்கும் நல்லம்" என்றாள். செய்வினைக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரம் கேட்கத் தோன்றவில்லை. காயத்துக்குப் போடுகிற மருந்தில் அரைப்போத்தல் ஊற்றினோம். பகல் லுஹர் வரைக்கும் ஊறினார்கள். பார்த்தால் தண்ணீர் சேற்று நிறமாகிவிட்டது. செய்வினை கழல்கிறது என்று சந்தோசப்பட்டு, பழைய பல்துலக்கும் பிரசை எடுத்து நன்றாகவே உரசிவிட்டேன். முகம், கை, சப்பாத்து, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் வடிதட்டில் கிடந்தது ஐந்து சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகள். கண் இல்லை, வாய் இல்லை, ஒன்றும் இல்லை.

சஹ்லா வந்து பார்த்துவிட்டு அழுதாள். விரல் படாமல் நிறம் தீட்டுவதற்கு, பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டுமாம். அதற்குத்தான் காலில் ஊசியாம், பல் வேலைக்கு வாங்குகிற மெழுகில் குத்தி வைப்பாராம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்வார்களாம். "நாலு மாசம் உம்மா! அந்தச் சட்டை இல்லாத ஆள்ர மூஞ்ச மட்டும் பதினொரு தரம் அழிச்சி அழிச்சிக் கீறினாரு. கண்தான் கஷ்டமாம். ஒரு கேள்வி கேட்டிரிக்கலாமே உம்மா, ஒரே ஒரு கேள்வி!" என்றாள். யாரிடம் கேட்பது? கேட்க வேண்டிய ஆளிடம்தான் நான் கதைப்பதில்லையே.

மாப்பிள்ளை வந்தார். அறைக்குள் போனார். வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சோறு வைத்தேன், சாப்பிட்டார். "ஆணம் நல்லாரிக்கி எண்டு மாமிட்டச் சொல்லுங்க" என்றார். அவர் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். புதன்கிழமை காலையில் ஒரு பேக்கும் அந்த ஐந்து பேரின் பீரங்கி வண்டிப் பெட்டியுமாக சாய்ந்தமருதுக்கு, அவருடைய உம்மா வீட்டுக்குப் போனார். மூன்று நாளில் வருவார் என்று சஹ்லா சொன்னாள். இன்றோடு ஆறு நாள். மாப்பிள்ளை பெண் வீட்டை விட்டு இறங்கிப் போனார் என்றால் நம் ஊர் என்ன கதைக்கும் என்பதை உங்களுக்கு எழுதத் தேவையில்லை. ஊர் கதைத்துவிட்டுப் போகட்டும் காக்கா. சஹ்லா பள்ளிக்கூடத்தால் வந்து அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள், உள்ளே எட்டிப் பார்க்கிறாள், போய்ப் படுக்கிறாள். என்னோடு கதைப்பதில்லை. என் பிள்ளையின் வாழ்க்கையை என் கையாலேயே பல்துலக்கும் பிரசால் உரசி வைத்திருக்கிறேன்.

உங்கட மச்சான் ஐந்தில் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய் ஹசரத்திடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக். மாப்பிள்ளைட்டக் கேட்டிரிந்தா அவரே சொல்லியிருப்பாரே" என்றாராம். பிறகு, "அது சரி, இவர் ஏன் சட்ட போடல்ல?" என்று கேட்டாராம். பாலைவனத்துச் சூடு, இரும்பு வண்டி என்று உங்கட மச்சான் தெரிந்த மாதிரி விளக்கம் சொல்லி, இரண்டு பேரும் அரை மணித்தியாலம் அதைப் பற்றியே கதைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்கப் போன மனுசன் அதைக் கேட்காமலே வந்துவிட்டார்.

இந்த ஆறு நாளும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அந்த ஐந்து பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தால், காக்கா, நிறம் இல்லாமலே முகம் இருக்கிறது! தூங்குகிறவரின் முழங்காலில் துணி கிழிந்து தைத்திருக்கிறது. முப்பத்தைந்தில் ஒரு பங்கு மனுசனுக்கு அந்த ஒட்டை யார் போட்டது? வாயைத் திறந்தவர் கத்தவில்லை, பாடுகிறார் என்று இப்போது நினைக்கிறேன். ஐந்து பேர் எப்படி ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தார்கள்? கால் எங்கே நீட்டினார்கள்? சோறு யார் வைத்தது? ஒருவருக்கு ஒருவர் கோபம் என்றால் எழும்பி எங்கே போவது? ஓட்டுகிறவருக்கு வெளியே ஒரு கீறல் அளவுதான் தெரியுமாம், மற்றவர் காதுக்குள் சொல்லித்தான் திருப்புவாராம். சஹ்லா சொன்னதை வைத்து இவ்வளவும் யோசித்தேன். நம் நாட்டு யுத்த காலத்தில் நம் பிரதான வீதியில் எத்தனை வருசம் கவச வண்டிகள் ஓடின? சத்தம் கேட்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்து ஓரமாகப் போவோம். உள்ளே யார் என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை, பார்க்கப் பயம். உள்ளே இருந்தவனும் யாரோ ஒருத்தியின் மகன்தான் என்று அன்றைக்கு யார் சொன்னாலும் எனக்குக் காதில் ஏறியிருக்காது. மாப்பிள்ளை என்னத்தைப் பார்க்கிறார் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது. விளங்கி என்ன, பார்க்கிறவர் வீட்டில் இல்லையே.

ஆகவே காக்கா, தாங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, தோஹாவில் இந்தச் சாமான் விற்கிற கடையைத் தேடி இதே ஐந்து பேரையும் வாங்கி அனுப்ப வேண்டும். பெட்டி நம்பர் தெரியாது. கடைக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பாலைவனத்து ஆட்கள், ஐந்து பேர், ஒருவர் தூக்கம், ஒருவர் பாட்டு, ஒருவர் கையில் கோப்பை, ஒருவர் காதில் மூடி, ஒருவருக்குச் சட்டை இல்லை. விளங்காவிட்டால் நீங்கள் சட்டையைக் கழற்றி நின்று காட்டுங்கள். இரண்டு, மாப்பிள்ளைக்குத் தாங்களாகவே டெலிபோன் எடுப்பது போல எடுத்து, சுகம் விசாரித்து, கதையோடு கதையாக வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லக் கூடாது. நான் வருத்தப்படுகிறேன் என்பது மட்டும் எப்படியாவது அவருக்குத் தெரிய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, தாங்கள் மூத்தவர், தங்களுக்குத் தெரியும்.

மதினிக்கு என் ஸலாம். பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தத்தை ஒவ்வொன்றாக வைக்கவும். தங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, தங்கள் குதிக்காலுக்கும் ஷிஃபாவைத் தருவானாக.

தங்கள் துஆவை எதிர்பார்க்கும் தங்கச்சி,
ஸகியா

பின்குறிப்பு: வியாழக்கிழமை. காக்கா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடைக்குப் போக வேண்டாம், டெலிபோனும் எடுக்க வேண்டாம், சட்டையையும் கழற்ற வேண்டாம். கவரை மூன்று இடத்தில் ஒட்டிவிட்டதால் ஒரு பக்கத்தைக் கத்தரித்து இதை எழுதுகிறேன். அந்த வெட்டு நான் வெட்டியது, பஸ்மினா மேல் சந்தேகப்பட வேண்டாம்.

இன்று காலை எட்டு மணிக்கு, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், மாப்பிள்ளையின் மேசையில் போய் உட்கார்ந்தேன். மயிரிழை மாதிரி ஒரு பிரஸ் இருந்தது, வெள்ளையும் கறுப்பும் குட்டிப் போத்தல்களில் இருந்தன. நான் அழித்ததை நானே ஒரு கண்ணாவது திருப்பி வைத்துப் பார்ப்போம் என்று, சட்டையில்லாத மனுசனை எடுத்து, மெழுகில் குத்தி, ஆம் காக்கா, நானே காலில் ஊசி குத்தி, விளக்குக்குக் கீழே பிடித்தேன். கலியாணத்துக்கு முன்னம் ஆறு வருசம் தறியில் அறுந்த நூலை முடிச்சுத் தெரியாமல் முடிந்த கைதானே, இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். ஒரு கண் போடப் பத்தரை மணியாகிவிட்டது. போட்டேன், துடைத்தேன், போட்டேன். கடைசியில் ஒரு கண் நின்றது. கொஞ்சம் மேலே பார்க்கிறது, ஆனால் பார்க்கிறது. சந்தோசத்தில் மற்றக் கண்ணுக்கு பிரசைத் தோய்த்து எடுக்கும்போது மேசையில் நிழல் விழுந்தது.

"வெளிச்சத்த மறைக்காம அங்கால நில்லு" என்றேன். சஹ்லா நேரத்தோடு வந்துவிட்டாளாக்கும் என்று நினைத்தேன்.

நிழல் விலகியது. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை. மிச்சப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போக ஓட்டோவோடு வந்திருக்கிறார். அது வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. பள்ளிவாசலால் திரும்பிய உங்கட மச்சான் செய்வதறியாமல் திண்டாடி, முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நிற்கிறார். என் தலையில் முக்காடு இல்லை, கையில் அவருடைய பிரஸ், வாயிலிருந்து வந்த முதல் சொல் "நில்லு". எட்டு மாதம் காத்த மரியாதை அவ்வளவுதான். எழும்பப் பார்த்தேன், பிரசை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை குனிந்து அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தார்.

"மாமி" என்றார். சஹ்லா இல்லை, சுவர் இல்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "மற்றக் கண்ணப் போடக்குள்ள மூச்சப் புடிச்சிக்கங்க. அப்பதான் கை அசையாது."

"நான் தெரியாமச் செஞ்சிட்டன் மகன்" என்றேன்.

"ஓம் மாமி. இப்ப கதைக்காதீங்க, நிறம் காஞ்சிரும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரசை வைக்கப் போனேன். வாசலில் ஓட்டோக்காரன் அவசரப்பட்டு ஹோன் அடித்தான். என் கை துள்ளியது. மாப்பிள்ளை விளக்கை என் பக்கம் திருப்பிப் பிடித்தபடி, தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"மாமா, அந்தப் பெட்டிய வெச்சிட்டு, ஓட்டோவ அனுப்பிட்டு வாங்க. மாமிட கை நடுங்குது."